கேள்வி கேட்காமல் ஒரு வாரம்

ஜூலை 6, ஞாயிறு

காலையெல்லாம் புழுக்கம், மாலை மழை. திருவேற்காடு ரோட்டில் முழங்கால் தண்ணீர். வெளியே போகவில்லை. மாவு புளித்துவிட்டது. ஆனாலும் தோசைதான்.

ஆறு மணிக்கு யாழினியோடு வீடியோ கால். கோயம்புத்தூரில் அவள் அம்மா சுகந்தியோடு இருக்கிறாள். வாரம் ஒரு முறை, ஞாயிறு ஆறு முதல் ஆறரை வரை. விவாகரத்து உடன்பாட்டில் அந்த வரியை எழுதியதே நான்தான். பிற்பாடு யாரும் தகராறு செய்ய இடமில்லாமல் எழுதிவிட்டேன் என்று அப்போது பெருமை வேறு. இப்போது மாட்டிக்கொண்டது நான்.

சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்? ஹோம்வொர்க் முடிந்ததா? எந்தப் பாடம்? டீச்சர் என்ன சொன்னார்? எல்லாவற்றுக்கும் ஒரே "ம்". பிறகு அவளே சொன்னாள்.

"அப்பா, நீங்க எப்பப் பாத்தாலும் கேள்வியாவே கேக்கறீங்க. போர் அடிக்குது. நீங்க ஏதாவது சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. கோர்ட்டில் பேசியே பிழைப்பு நடத்துகிறவனுக்கு, பெற்ற பெண்ணிடம் சொல்ல ஒரு விஷயம் இல்லை.

"வெச்சிரட்டுமாப்பா?"

வைத்துவிட்டாள். அரை மணியில் பாதிகூட ஆகவில்லை. மிச்ச நேரம் முழுக்கக் கறுத்துப்போன போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலித்தது.

ஜூலை 7, திங்கள்

நல்ல வெயில். பூந்தமல்லி கோர்ட். நாலு வழக்கு, மூன்றில் வாய்தா.

வக்கீல்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சீனியர் அனுப்பியிருந்தார்: நேரமே இல்லாத வக்கீலும் படைப்பாளி ஆகலாம், தினமும் கொஞ்ச நேரம் ஏதாவது ஒன்றைப் புதிதாகச் செய்யுங்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன், வழக்கம்போல் படிக்காமல். மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போதுதான் படித்தேன்.

முடிவு: அடுத்த ஞாயிறுக்குள் யாழினிக்குச் சொல்ல ஏதாவது ஒன்று. என்னிடமிருந்து ஒரு கேள்வியும் கிடையாது. இப்படியே போனால் கொஞ்ச நாளில் போனை எடுக்கவே மாட்டாள். உடன்பாட்டைக் காட்டி மனுப் போடலாம். போட்டு? "ம்" என்று சொல்லச் சொல்லி உத்தரவு வாங்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பில். ஷேர் ஆட்டோ. பக்கத்து சீட்டில் ஒரு பெண், மடியில் டிபன் பை, காதில் போன்.

"ஊட்டுக்குத்தான் வந்துகினு கீறேன்... இன்னா, அழுவுறானா? போன அவன் காதாண்ட வை."

பிறகு ஆட்டோ முழுக்கக் கேட்கிற மாதிரி பூனைக் குரல். மியாவ், மியாவ், நடுவில் ஒரு தும்மல். டிரைவர்கூடத் திரும்பவில்லை. அந்தப் பக்கம் குழந்தை சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. பொறாமையாக இருந்தது.

மாலை கதை எழுத உட்கார்ந்தேன். வந்தது இது: "மேற்படி சிங்கமானது மேற்படி காட்டில் நெடுங்காலமாக எவ்வித இடையூறுமின்றிக் குடியிருந்து அனுபவித்து வருகிறது." கிழித்துப் போட்டேன்.

ஜூலை 9, புதன்

மேகமூட்டம். வாங்க: பால், ரீஃபில், கொசுவத்தி, பல்ப் (பாத்ரூம்).

புதுமை 1: ரசத்தில் மாங்காய். சுமார். நன்றாக இருந்திருந்தாலும் சொல்ல ஆள் இல்லை.

புதுமை 2: ஜட்ஜ் வரும்வரை முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கையை வரைந்தேன். குமாஸ்தா தணிகாசலம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, சர்வே ஸ்கெட்ச்சா?"

ஆமாம் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

பாகப்பிரிவினை வழக்கு, குறுக்கு விசாரணை. சாட்சி, நான் கேட்டதற்கெல்லாம் "ம்", "தெரியாதுங்க". யாழினி மாதிரியே. பதில் தெரிந்த கேள்வியை மட்டும் கேட்கப் பழக்கிய தொழில் இது. அவளிடமும் அதையேதான் செய்கிறேன். சாப்பிட்டிருப்பாள் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

கோர்ட் வராந்தாவில் நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது. தினமும் தாண்டிப் போகிற நாய்தான், இன்றுதான் பார்த்தேன். சிப்பந்தி வாசலில் நின்று யார் பெயரைக் கூப்பிட்டாலும் தலையைத் தூக்குகிறது. தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் படுத்துக்கொள்கிறது. இதற்கும் ஒரு கேஸ் இருந்தால்?

பாத்ரூம் பல்ப் வாங்க மறந்தாச்சு.

ஜூலை 12, சனி

நேற்று எழுதவில்லை. திருவள்ளூர் கோர்ட், அலைச்சல். இன்று ஸ்கூட்டர் வந்துவிட்டது.

கதை தேறிவிட்டது. நாய் படுக்கும் இடத்தில் யாரோ பழைய பீரோவைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். நாய் வழக்குப் போடுகிறது. சாட்சிகள்: ஒரு டீ கிளாஸ், இரண்டு காக்கா. காக்கா பொய்ச்சாட்சி, வடைக்காக. "மேற்படி" ஓர் இடத்திலும் இல்லை. தணிகாசலத்திடம் சொல்லிப் பார்த்தேன்.

"சோக்கா கீது சார். ஆனா நாய்க்கு யார் சார் வக்கீலு?"

"நான்தான்."

"அப்ப தீர்ப்பு வர்றதுக்குள்ள அது பேரன் பேத்தி எடுத்துடும்."

இருவரும் சிரித்தோம். அவர் கிளம்பினார். அப்புறம் காலி அறையில் நாற்காலியைப் பார்த்து இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். நாற்காலி சிரிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மழை இல்லை. மதியத்திலிருந்தே கையில் வியர்வை, ஹைகோர்ட்டில் வாதாடப் போகிறவன் மாதிரி.

ஆறு மணி. "சாப்பிட்டாயா" நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கினேன். "எங்க கோர்ட்ல ஒரு நாய் கேஸ் போட்டிருக்கு" என்று நேராக ஆரம்பித்தேன். போனுக்குள் முகம் பெரிதானது. காக்கா பொய் சொன்ன இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குறுக்கு விசாரணை, அவள் பக்கத்திலிருந்து. டீ கிளாஸ் எப்படிப் பேசும்? பீரோவுக்குள் என்ன இருந்தது? திணறிவிட்டேன். கடைசியில்:

"இன்னிக்கு கோர்ட் லீவுதான? அப்ப அது யார்கூட இருக்கும்?"

யோசித்திருக்கவில்லை. பூட்டிய கேட், காலி வராந்தா, அதில் நாய். அதுதான் கண்ணில் வந்தது.

"தெரியலடா."

"டைம் ஆச்சு யாழி" என்று பின்னால் சுகந்தியின் குரல். ஆறரை. போன் நின்றது.

வீட்டில் இருக்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி. கோர்ட் கேட் பூட்டு. கம்பி வழியாக வராந்தா தெரிந்தது, நாய் இல்லை. எதிர் டீக்கடையில் விசாரித்தேன்.

"அதுவா? ஞாயித்துக்கெழமன்னா பிரியாணி கடையாண்ட பூடும் சார். இங்க இன்னா கீது அதுக்கு?"

மசூதித் தெரு முனையில் கடை. அண்டாவுக்குப் பக்கத்தில் அதே மடங்கிய காது, வாலை ஆட்டிக்கொண்டு. கூட இன்னும் இரண்டு நாய்கள்.

"நம்ம ரெகுலர் கஸ்டமரு சார்" என்றார் கடைக்கார பாய். "வாரம் தவறாது."

சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை போக இடம் இருக்கிறது. இல்லாதது எனக்குத்தான்.

போட்டோ எடுத்தேன். படிப்பு, உடம்பு விஷயம் தவிர வேறு எதற்கும் சுகந்திக்குச் செய்தி அனுப்பக்கூடாது என்று உடன்பாட்டில் இருக்கிறது. அதுவும் நான் எழுதிய வரிதான். அனுப்பினேன். கீழே "யாழினி கேட்டதற்குப் பதில்" என்று மட்டும். சுகந்தி பார்த்துவிட்டாள் என்று காட்டியது. தப்புச் செய்துவிட்டோமோ என்று பயம். அழித்துவிடலாம் என்று விரலை வைத்தபோது வந்தது:

"அதே நாய்தானான்னு கேக்கறா. வீடியோல காட்டுங்க."

கூப்பிட்டேன். நாய் அதற்குள் எலும்பைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிட்டது. போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினேன். தெருவே பார்த்தது. "லெஃப்ட்லப்பா, லெஃப்ட்ல!" என்று யாழினி கத்துகிறாள், ஏதோ அவளே பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்த மாதிரி. நாய் ஒரு சந்துக்குள் போய் மறைந்தது. மூச்சு வாங்க நின்றேன். சரி, வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்பா, நீங்க சாப்டீங்களா?"

இல்லை என்றேன். பிரியாணிக் கடை வரை போயும் எனக்கு ஒன்றும் வாங்கத் தோன்றவில்லை.

"அப்ப போய் வாங்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."