ஜவாஹிர் நானாவின் படகுக்குக் கீறிய திமிங்கிலம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகள் லக்சனாவுக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் கை கால் வழங்கத் திரிகிறோம், நீயும் அந்தக் கட்டார் வெயிலில் கருகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இங்கே ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிறோம். நிற்க, இது இப்பிடித்தான் முடியும் என்று நான் முந்தியே சொன்னனான். நீ பிளேன் ஏறின அன்றைக்கே, கட்டுநாயக்காவில் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரேக்க சொன்னனான், பிள்ளை, எங்கட ஊரில் படம் கீறுகிறவளுக்கு ஒருத்தனும் காசு தரமாட்டான் என்று. நீ காதில் வயர் செருகியிருந்தபடியால் கேட்டிருக்காது. அதுக்கு முந்தி உன்னைக் கொழும்பில் டிசைன் படிக்கச் சேர்த்த நாளிலும் சொன்னனான், அது மனதுக்குள் சொன்னது. எட்டாம் வகுப்போடு நின்றாலும் முப்பத்திரண்டு வருசம் துறைமுகத்தில் சாமான் இறக்கிக் கணக்கெழுதினவன் நான், ஒரு கப்பல் வாசலுக்குள் வரும்போதே அதுக்குள் மாவா சீமெந்தா என்று மணத்தை வைத்துச் சொல்லுவேன், நோர்வே கப்டன் ஒருத்தன் அதைக் கண்டு தன்ர தொப்பியையே கழற்றி என் தலையில் வைத்தவன். எனக்குத் தெரியாதா மனிசரை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா குசினிக்குள் நின்று காதைக் குடுப்பா. எங்கட ஒழுங்கையில் இருக்கிற நஸ்ரி லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்பவும் கட்டாருக்கு வருகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு போத்தல் மாசிச் சம்பலையும் குடுத்து விடுகிறேன், வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் நீ வேலை செய்கிற அந்த அச்சகத்துக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், கையெழுத்து வைத்தால் இன்னும் மூன்று வருசம் அங்கே, வைக்காவிட்டால் ஊருக்கு வந்து சொந்தமாக டிசைன் கடை. ஊரில் மூன்று பேர் காசு தந்து வேலை செய்விக்கிறார்கள் என்று நீங்கள் எனக்குக் காட்டுங்கோ மாமா, நான் வாறன் என்று நீ சொன்னாய். அந்த மூன்று பேரையும் நான் பிடித்தனான், அதில் ஒரு குறையும் இல்லை. காசுதான் வரவில்லை.

முதலாவது ஜவாஹிர் நானா. உப்புவெளியில் வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் பார்க்க ஏற்றிக்கொண்டு போகிற மூன்று படகுக்காரன். அவருடைய படகில் போட நீ கீறி அனுப்பின திமிங்கிலத்தை நான் சும்மா போனில் தட்டிக் காட்டவில்லை. தடித்த மட்டையில் கலரில் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கலியாண வீட்டுக்குத் தட்டுக் கொண்டு போகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனனான். றோட்டில் ஓட்டோக்காரரெல்லாம் நிற்பாட்டிப் பார்த்தார்கள். துறைமுக வாசலின் இரண்டு கரையும் மாதிரி விரிந்து நிற்கிற அந்த வாலைக் கண்டு ஒரு வெள்ளைக்காரி அழுதே விட்டாள். ஜவாஹிர் நானா தேத்தண்ணிக் கடையில் நாலு பேரோடு இருந்தார். பார்த்தார், சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு சொன்னார், இது கொம்பியூட்டர் கீறினதுதானே தம்பி, கொம்பியூட்டருக்கு என்ன கூலி, அது சோறா தின்னுது என்று. நான் விடுவேனா. உங்கட படகும் எஞ்சினாலதானே ஓடுது நானா, நீங்களா துடுப்பு வலிக்கிறீங்கள், பிறகேன் வெள்ளைக்காரரிட்டக் காசு வாங்குறீங்கள் என்று கேட்டனான். நாலு பேரும் கை தட்டினார்கள். அவர் முகம் சுறாத்தோல் மாதிரிப் போய், கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார். உன் கணக்குக்கு இருபத்தையாயிரம், அதில் ஒரு சதம் வரவில்லை. திமிங்கிலம் மட்டும் இப்ப மூன்று படகிலும் நீந்துகிறது.

இரண்டாவது கோயில் திருவிழா நோட்டீஸ். நீ வேலையால் வந்த களைப்போடு ஒரு கிழமை இருந்து செய்தாய், அந்தத் தேரின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக எண்ணலாம். தர்மகர்த்தா ஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, நான் வாய் திறக்க முந்தியே, சுவாமிக்குச் செய்யிற வேலைக்கு ஆராவது பில்லு நீட்டுவினமோ என்று சிரித்தார். அச்சடித்தவனுக்குக் காசு, மேளக்காரருக்குக் காசு, ஜெனரேட்டர்காரனுக்கு முற்காசு. உனக்கு மட்டும் நோட்டீசின் அடியில், வடிவமைப்பு உபயம் செல்வி லக்சனா, கட்டார் என்று ஒரு வரி. உன் பேர் பஞ்சாமிர்த உபயகாரருக்கு மேலே நிற்கிறது, அந்த இடம் நான் கதைத்து எடுத்தது, அதையாவது நினைத்துக்கொள்.

மூன்றாவதைச் சொல்ல எனக்கே வெட்கம். தம்பலகாமத்தில் புதுசாகப் பேக்கரி திறந்த மதிசுதனுக்குப் பெயர்ப்பலகை. காசு வரும்வரை நல்ல படத்தை விடக்கூடாது என்று நீ படத்துக்குக் குறுக்காலே ‘மாதிரி’ என்று பெரிய எழுத்துப் போட்டு அனுப்பினாயே, அவன் அந்தப் படத்தை அப்பிடியே பனர் அடிக்கிற கடைக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டடிக்கு அடித்து மாட்டிவிட்டான். அங்கே சதுர அடிக்குத்தான் காசு, டிசைன் சும்மா. பாணுக்கும் கேக்குக்கும் மேலாலே ‘மாதிரி’ என்று கிடக்கிறது. என்னடா தம்பி இது என்று கேட்டதுக்கு, அந்த எழுத்து நல்ல ஸ்டைலாக் கிடக்கு அண்ணை, அவவிட்டச் சொல்லுங்கோ என்று ஒரு பை நிறையப் பணிஸ் தந்து அனுப்பினான். கண்டி றோட்டால் போகிற பஸ் கொண்டக்டர் இப்ப ‘மாதிரி பேக்கரி இறங்கு’ என்றுதான் கத்துகிறான். போன கிழமை யானை வந்து அந்த பனரை ஒரு பக்கம் இழுத்து விழுத்தினதாம். இவ்வளவு பேருக்குள் உனக்காகக் கோபப்பட்டது அந்த யானை ஒன்றுதான்.

நான் யோசித்துப் பார்த்ததில், எங்கட சனம் பாரத்துக்குத்தான் காசு குடுக்கும் பிள்ளை. ஒரு மூடையைத் தோளில் வைத்துத் தூக்கினால் இவ்வளவு என்று பேசாமல் எடுத்துத் தரும். பலகைக்குத் தரும், பெயின்டுக்குத் தரும், ஆணிக்குக்கூடத் தரும். நீ பதினொரு நாள் இருந்து அந்த வாலை இருபது விதமாக வளைத்துப் பார்த்தது ஆர் கண்ணுக்கும் தெரியாது, போனில் டிங் என்று ஒரு சத்தத்தோடு வந்து விழுகிற சாமானுக்கு ஒரு நிறையும் இல்லை. அட்வான்ஸ் வாங்கு, எழுத்தில் போடு, மூன்று தரத்துக்கு மேல் மாற்றச் சொன்னால் மேலதிகக் காசு என்று நீ அனுப்பின சட்டதிட்டமெல்லாம் என் சேட்டுப் பொக்கற்றுக்குள் மடித்தபடி கிடக்கிறது. அதெல்லாம் கட்டாருக்கும் கனடாவுக்கும் சரி. இங்கே நீ இன்னாருடைய மகள், இன்னாருடைய மருமகள், உன்ர கையும் எங்கட கைதானே என்று நினைக்கிற ஊர்.

ஆனபடியால் நீ கையெழுத்தை வை. மனதைப் போட்டுக் குழப்பாதே. உன் அம்மா முன் அறையை ஒதுக்கி வெள்ளை அடித்து, உன் கொம்பியூட்டருக்கென்று ஒரு மேசையும், வாறவர்கள் இருக்க இரண்டு கதிரையும் வாங்கிப் போட்டிருக்கிறா, பிளக் பொயின்ற்றும் புதுசாக இரண்டு அடிப்பித்தாச்சு. ஒவ்வொரு நாளும் அந்தக் கதிரை இரண்டையும் தூசு தட்டுகிறா, ஒருத்தரும் இருக்காத கதிரையில் தூசு எங்கேயிருந்து வருகிறதோ தெரியாது. அவவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ வரவில்லை என்று தெரிந்தால் இரண்டு நாள் சாப்பிடமாட்டா, பிறகு சரியாகிவிடுவா. மற்றப்படி அவவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூட, பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, போன மாதம் ஆஸ்பத்திரியில் டொக்டர் என் நெஞ்சைச் சோதித்துவிட்டு இருபத்தைந்து வயசுப் பெடியனின் நெஞ்சு என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினவர்.

ஏசி அறையால் எழும்பி உடனே வெயிலுக்குள் இறங்காதே. இராவில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சும்மா ஆக்களுக்குக் கீறாதே. மாசிச் சம்பல் போத்தலின் மூடியை ஈரக் கையால் திறக்காதே, பூஞ்சணம் பிடிக்கும். நீ நீண்ட ஆயுளோடு, நிறைஞ்ச மனதோடு, நினைத்த இடத்தில் நிற்க அந்தக் கோணேசர் வழி விடட்டும். முப்பதாம் திகதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மேல் உயிரான மாமா,
க. நாகேந்திரம்

மடித்து உறைக்குள் வைத்துவிட்டுத் திரும்பவும் வெளியே எடுத்து எழுதுகிறேன். ஜவாஹிர் நானா சொன்னதாக மேலே எழுதினது அவர் சொன்னது இல்லை. அவர் திமிங்கிலத்தைப் பார்த்தபடியே பேர்சை வெளியில் எடுத்தவர். மருமகளுக்கு எவ்வளவு குடுக்கோணும் தம்பி என்று கேட்டவர். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் பிள்ளை. என்ன நானா, உங்களிட்டக் காசு வாங்கவோ, அவளுக்கு இது அரை மணித்தியால விளையாட்டு, கொம்பியூட்டர்தானே கீறுது என்று சொன்னது நான். அவர் இரண்டாம் தரமும் கேட்டார், நான் அவர் கையைப் பிடித்துப் பேர்சை மூடினேன். அப்ப அந்த நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நல்லாயிருந்தது. அதில் ஒருவர் தர்மகர்த்தா ஐயா, இன்னொருவர் மதிசுதனின் மாமனார், நீ சும்மா செய்து தருவாய் என்று அங்கே காதால் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் என்னிடம் வேலை கொண்டு வந்தவர்கள். திரும்பப் போய்க் காசு கேட்க வேண்டும் என்று இரண்டு தரம் உப்புவெளி வரை போனனான், படகுகளைக் கண்டதும் பஸ்ஸால் இறங்காமலே நிலாவெளிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டேன், எனக்கு ஏலாது. கையெழுத்தை வை என்று மேலே எழுதினதை இனி நான் சொல்ல மாட்டேன், வைக்காதே என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. இந்த ஊர் காசு தருமா தராதா என்று எனக்குத் தெரியாது. நான் ஒருத்தரிட்டையும் கேட்கவில்லை.