‘நமது நிருபர்’ எழுதுவது

மண்ணெண்ணெய் தொட்ட பழந்துணியால் உன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். முகம் என்றால் இரண்டு தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்த அளவுதான். மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகடு. பத்திரிகையில் படம் அச்சிடுகிற புளொக். எங்கள் அலுவலகத்துக்குப் புது இயந்திரம் வந்துவிட்டது. இனிப் புளொக் தேவையில்லையாம். மந்திரிகள், சாமியார்கள், மணமக்கள், செத்தவர்கள் எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்தார்கள். உன்னை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்பால் என்று நினைத்துவிடாதே. களவெடுத்தவன் பொருளை வேறு இடத்தில் விட்டுவைக்கப் பயப்படுவானே, அந்தப் பயம்.

இந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். சண்டிலிப்பாய் அணிக்கு எதிராக நீ இடக்காலால் இரண்டு கோல் அடித்த மறுநாள். ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். உன்னிடம் நல்ல சேட் இல்லை. என்னுடையதைக் கழற்றித் தந்துவிட்டு, பனியனோடு வாசலில் நின்றேன். அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அவன் போட்டிருப்பது என் சேட் என்று. நீ அடித்த கோல்களைவிட எனக்கு அதுதான் பெரிய செய்தி. எங்கள் பத்திரிகை ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு உடனே புளொக் செய்யச் சொன்னார். இவன் இனி அடிக்கடி தேவைப்படுவான் என்றார். மனுசன் சொன்னது பிழையாகவில்லை.

எங்கள் ஊர் கொழும்புத்துறைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நீ பரவைக்கடலில் மீன் பிடிக்கும் வீட்டுப் பிள்ளை. நான் படிப்பு ஏறாமல் பத்திரிகையில் அரைநேர நிருபராக ஒட்டிக்கொண்டவன். உன் அம்மா சந்தையில் மீன் விற்பார். எழுத வாசிக்கத் தெரியாது. இறால் சுற்ற வாங்கிய பழைய பேப்பரை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, உன் முகம் உள்ள தாளை எடுத்து மடித்து ஓலைப்பெட்டிக்குள் வைத்துவிடுவார். என் பிள்ளையின் முகத்தில் மீன் நாறக்கூடாது என்பார்.

பிறகுதான் கொழும்பிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தை எதிர்த்து, அரசாங்கக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் நடந்து முடிந்த அடுத்த வருடம். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் சிங்களம் படிப்பதா, வேலையை விடுவதா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு அரசாங்கத் திணைக்களம் தன் உதைபந்தாட்ட அணிக்கு உன்னைக் கேட்டிருந்தது. எழுதுவினைஞர் வேலை, மாதச் சம்பளம், பென்சன். குறித்த காலத்துக்குள் சிங்களப் பரீட்சை எழுதவேண்டும். உன் ஐயாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கீழே இரண்டு தங்கைகள். வீட்டுக்கு அந்தக் கடிதம் எவ்வளவு தேவை என்று உன்னைவிட எனக்குத் தெரியும்.

துறையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின்மேல் இருந்து கடிதத்தை எனக்கு வாசிக்கத் தந்தாய்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, நடேசு. நான் இன்னும் முடிவெடுக்கேல்லை.”

சிங்களம் படிப்பாயா என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

“பந்துக்கென்ன பாசை தெரியுமே? உதைச்ச பக்கம் போகுது.”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சைக்கிளை நேரே அலுவலகத்துக்கு விட்டேன். மறுநாள் உன் முகம் முன்பக்கத்தில். ‘பந்துக்கு மொழி இல்லை: சிங்களம் கற்கப் புறப்படுகிறார் பிரபல வீரர்.’ கீழே ‘நமது நிருபர்’. எங்கள் பத்திரிகையில் யார் எழுதினாலும் அதுதான் பெயர். எவ்வளவு வசதியான பெயர், பார்.

ஊர் இரண்டுபட்டது. வாசகர் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. வாத்தியார் ஒருவர் உன்னைத் திட்டி வெண்பாவே எழுதினார். தளை தட்டாத அருமையான வெண்பா. ஆசிரியருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ‘போவாரா, மாட்டாரா?’ என்று தினமும் ஒரு பெட்டிச் செய்தி கேட்டார். நான் கொடுத்தேன். எனக்கென்ன கஷ்டம்? ஒவ்வொரு பின்னேரமும் நீயே வந்து உன் மனதில் உள்ளதைச் சொன்னாய். உன் ஐயா போ என்றார், நீ ஆடிய உதைபந்தாட்டக் கழகத்துக்காரர் போனால் முகத்தில் விழிக்காதே என்றார்கள், நீ சோறு தின்னாமல் எழும்பினாய். எல்லாம் மறுநாள் அச்சில் வந்தது. நீ சந்தேகப்பட்டது சலூன்காரனை. அவனிடம்தான் ஒருநாள் வாய்விட்டுக் கதைத்ததாகச் சொல்லி, கடைக்குப் போய் அவன் கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்தாய். நான் பக்கத்தில் நின்று உன்னை விலக்கிவிட்டேன். நியாயவானாக.

“நீ பேப்பரிலைதானே இருக்கிறாய். உந்த நிருபர் ஆரெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லன்” என்றாய்.

“பாப்பம்” என்றேன்.

சந்தையில் உன் அம்மாவுக்கு நடந்ததையும் நான் பார்த்தேன். ஒருத்தி இறால் வாங்கினாள். மடியிலிருந்து எங்கள் முன்பக்கத்தை எடுத்து விரித்து, இதில் சுற்றித் தரச் சொன்னாள். அம்மா தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா சுற்றிக் கொடுத்தார். அடுத்த நாள் நாலைந்து பேர் அதே தாளோடு வந்தார்கள். தலைப்பு நான் போட்டது என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது; ஆனால் இருந்தது.

கடைசியில் நீ முடிவெடுத்தாய். “நாளைக்குப் பின்னேர மெயில் ரயிலிலை போறன். திங்கட்கிழமை வேலை ஏற்காட்டி அந்த இடம் போயிடும். உனக்கு மட்டும்தான் சொல்லுறன்.” அன்று இரவே அது அச்சுக்குப் போனது. கழகச் செயலாளர் காலையில் என்னைத் தேடி வந்தார். அடித்து மறித்தால் பொலிஸ் வரும், மாலை போட்டு மறிப்போம் என்றார். நீ கொழும்புப் பயணத்தைக் கைவிட்டதாகப் பாராட்டி ஒரு வாழ்த்து மடல் வேண்டும். என் தமிழ் நல்ல தமிழ் என்பதால் என்னிடம் வந்தாராம். அரைமணித்தியாலத்தில் பாட்டாகவே எழுதிக் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்பாய். தமிழுக்காக என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். நீ கொழும்புக்குப் போனால் உன்னைக் கொழும்பு நிருபர்கள் எழுதுவார்கள். நான் பழையபடி செத்த வீட்டு அறிவித்தல்களின் புரூவில் பிழை திருத்த வேண்டியதுதான். அதுதான் காரணம். இவ்வளவு சின்னக் காரணம்.

ஸ்டேசனில் நீ சூட்கேசை ரயில் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லிக்கொள்ளத் திரும்பவும் மேடைக்கு இறங்கினாய். அந்த ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. பொன்னாடை விழுந்தது, மாலைகள் விழுந்தன, யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். வாழ்த்து மடல் வாசிக்கும்போது அதைப் பெறுகிறவன் அசையாமல் கைகூப்பி நிற்கவேண்டும் என்பது எங்கள் மரியாதை. நீ மரியாதை தெரிந்தவன். நின்றாய். வாசித்தவன் நான். கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாய், கெதியாக முடி என்று. நான் ஆறுதலாக, சீர் பிரித்து வாசித்தேன். ரயில் காட் விசில் ஊதினான். ஒரு பாட்டு மிச்சம் இருந்தது. அதையும் வாசித்தேன். கடைசி அடியை இரண்டுதரம் வாசிப்பது வழக்கம். இரண்டாம் தரம் வாசிக்கும்போது ரயில் நகர்ந்துவிட்டது.

சனம் கலைந்த பிறகு கழுத்து மாலையோடு என்னிடம் வந்தாய். கழகத்துக்காரர் வற்புறுத்தித்தான் நான் வாசித்ததாக நினைத்தாய் போல.

“என்ரை பூட்ஸ் அந்தச் சூட்கேசுக்குள்ளை, மச்சான்” என்றாய்.

மறுநாளும் இதே புளொக். ‘தமிழ் மானம் காத்த வீரர்.’ சூட்கேஸ் திரும்பி வரவில்லை. திணைக்களத்துக்கு நீ சொல்லச் சொல்ல நானே ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். உன் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. மானம் காத்தவனுக்கு ஊரில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. இரண்டு வருடத்தில் கழகத்துக்குப் புது இடக்காலன் கிடைத்தான். நீ ஐயாவின் வள்ளத்தில் ஏறினாய், பிறகு கள்ளுத் தவறணையிலும் ஏறி இறங்கினாய். ஒருமுறை தவறணை வாசலில் எங்கள் ஆசிரியர் உன்னைக் கண்டு, இந்த முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றார். நான் தெரியாது என்றேன்.

போன மாதம் பெரியாஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, வார்ட் மூலையில் கிடந்தாய். பழைய ஆட்டங்களைக் கதைத்தாய். சலூன்காரன் செத்தது பற்றிக் கதைத்தாய். அவனோடு கடைசிவரை நீ கதைக்கவில்லை. பிறகு திடீரென்று கேட்டாய்.

“அந்த நிருபர் ஆரெண்டு பிறகு கண்டுபிடிச்சியோ, நடேசு?”

இருபது வருடம் நீ அதை மறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். வார்ட்டில் வேறு ஒருவரும் காது கொடுக்கவில்லை. எழும்பி அடிக்கக்கூட உனக்குத் தெம்பு இல்லை.

“ஓம். அவன் செத்துப்போனான்” என்றேன்.

நீ மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தாய்.

“பாவம்” என்றாய். “பிள்ளையள் இருக்கோ?”

நான்கு நாளில் நீ போய்விட்டாய். ஐந்தாம் பக்கத்தில் ஆறு வரி கொடுத்தேன். இதே புளொக், இருபத்திரண்டு வயதுச் சிரிப்பு, என் சேட். கீழே வழக்கம்போல ‘நமது நிருபர்’ என்று அச்சுக் கோத்திருந்தார்கள். புரூவ் என் கைக்குத்தான் வந்தது. நான் வெட்டவில்லை.

நீ பரிதாபப்பட்டது எனக்காக. அதை என்னிடமே தந்துவிட்டுப் போனாய். வசைக்கு ஏதாவது பதில் சொல்லலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? புளொக்கைத் துடைத்து முடித்துவிட்டேன். உன் முகம் பளபளவென்று இருக்கிறது. கேட்டாயே, பிள்ளைகள் மூன்று. மூத்தவனுக்கு உன்னைப் போல இடக்கால். அவனை நான் பந்தடிக்க விட்டதில்லை.

நீ வாசிக்க மாட்டாய் என்பது நிச்சயமான பிறகு, நீ கேட்ட பெயரைக் கீழே போடுகிறேன்.

நடேசு