முகத்திரைக்கு மூன்று நாள் முன்பு

தாராஸ், ஞாயிறு

என் செல்லத் தங்கச்சிக்கு,

என் மகள் ஷோல்பானுக்கு நெற்றியில் பரு. உன் கல்யாணத்துக்கு முன்னால் நான் வாங்கிய அதே சாலிசிலிக் ஸ்பிரிட்டை நேற்று வாங்கி வந்தாள்.

"பருமேல மட்டும் தொட்டு வை. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். எரிஞ்சா நிறுத்திடு, கிரீம் போடு, வெயில்ல அலையாத" என்றேன்.

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொன்னது?"

நான் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினேன்.

உன் கல்யாணத்தில், பெதாஷார் சடங்கு அன்று அத்தனை பேர் முன்னால் உன் முகத்திரையை விலக்குவார்களே என்ற அவசரத்தில், மூன்று நாளும் காலை, மதியம், இரவு என்று உன் முகம் முழுக்கத் தேய்த்தேன். "எரியுதுக்கா" என்றாய். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், சும்மா இருடி" என்றேன். பாட்டுக்காரர் தன் தோம்ப்ரா வாத்தியத்தின் நுனியால் திரையைத் தூக்கியதும் உன் மாமியார், "பொண்ண அடுப்புல வச்சா எடுத்துட்டு வந்தீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பதினாறு வருடமாக அதையே சொல்லிக் காட்டுகிறாள்.

மறுவாரம் நீ மருந்துக்கடை ஓரல் அக்காவிடம் போய், "கெட்டுப்போன மருந்தைக் கொடுத்துட்டீங்களே!" என்று கத்தினாய். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நேற்று ஷோல்பானிடம் நான் சொன்னது அத்தனையும், அன்று ஓரல் அக்கா என்னிடம் சொல்லி அனுப்பியதுதான்.

அவர் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார். நீ வந்தால் இருவரும் போவோம். முதலில் நான் பேசுகிறேன்.

உன் அக்கா