நிக்கானோர் முதல் நாளே போட்ட நோட்டீஸ்

அன்பு லியோனிதா, நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்றுத் தபால் நிலையத்தில் ஒரு கூத்து. பதிவுத் தபாலில் பெறுநர் இடத்தில் என் விலாசத்தையே எழுதிவிட்டேன். கவுண்டர் அம்மா சிரித்தாள், நானும் சிரித்துவைத்தேன்.

பயப்படாதே, சின்ன விஷயம்தான். ஃப்ரெஸ்னோ நகரில் ஒரு வீட்டுக்கு எட்டு வாரம் டைல்ஸ் ஒட்டினேனே, அந்தக் காண்ட்ராக்டர் கூலி தராமல் ஓடிவிட்டான். இந்த ஊர்ச் சட்டப்படி, வேலை தொடங்கியதுமே 'உங்கள் வீட்டில் வேலை செய்கிறேன்' என்று வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால், கூலிக்காக அந்த வீட்டின் மேலேயே உரிமை கோரலாம். பூச்சு வேலை பார்க்கும் நம் ஊர் நிக்கானோர் முதல் நாளே அனுப்பிவிட்டான். "நமக்குக் கறி சுட்டு விருந்து போடுற காண்ட்ராக்டரைப் போய்ச் சந்தேகப்படுறியேடா!" என்று கேலி செய்தவன் நான். இப்போது வீட்டுக்காரர் அவனுக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

"இப்பவாவது அனுப்பு மச்சான், அனுப்புறதுக்கு முந்தின இருபது நாள் வேலைக்காவது கூலி தேறும்," என்றான் நிக்கானோர்.

"எல்லாம் எனக்குத் தெரியும்டா," என்றேன். நேற்று நான் தபால் நிலையத்துக்கு ஓடியது அந்த நோட்டீஸை அனுப்பத்தான்.

காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்பு. மகள் செலெரினாவின் பழைய பள்ளிநோட்டுத் தாளில் சுற்று. படிக்க ஏதாவது இருக்கும். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

நிக்கானோரிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்: காண்ட்ராக்டர் ஓடியது தெரிந்ததும், அவன் அனுப்பிய நோட்டீஸ் தபாலில் தொலைந்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

உன் எலெவுத்தேரியோ