சர்வாதிகாரி வீட்டில் நடந்ததைச் சொன்ன ஞானபாக்கியம் அம்மாவுக்குக் காவல் கோரி

அனுப்புநர்
அ. ஹஃப்சா,
வரலாற்று ஆய்வு மாணவி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.

பெறுநர்
காவல் துணை ஆணையர் அவர்கள்,
வடசென்னை.

பொருள்: ஆய்வு காரணமாகக் கொலை மிரட்டல் – இருவருக்குப் பாதுகாப்பு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தீவு நாடொன்றை அடக்கி ஆண்டு மறைந்த சர்வாதிகாரி ஒருவரின் குடும்ப வாழ்க்கையைப் பழைய ஆவணங்களின் வழியே ஆராய்ந்து வருகிறேன். அவர் பெயரை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை, நேரில் சொல்கிறேன்.

அவர் மனைவி காய்ச்சலில் இறந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த அம்மையார் சிகிச்சைக்காகக் கப்பலில் சென்னை வந்திருக்கிறார். இங்குள்ள மருத்துவக் குறிப்பில் விலா எலும்பு முறிவு என்றிருக்கிறது. அவர் திரும்பிய கப்பலின் பயணிகள் பட்டியலில் இராயபுரத்துப் பணிப்பெண் ஞானபாக்கியத்தின் பெயரும் இருந்தது.

தேவாலயங்களில் விசாரித்து, திருவொற்றியூரில் தனியாக வசிக்கும் அவரைக் கண்டுபிடித்தேன். முதலில் எதுவும் தெரியாது என்றார். பலமுறை சென்ற பிறகே பேசினார். கணவர் அடித்த அடியில் விழுந்த அம்மையார் எழவே இல்லை என்றும், மறுநாளே தம்மை மிரட்டிக் கப்பலேற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார். சம்மதம் பெற்றுப் பதிவு செய்தேன்.

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் இதை அவர் பெயரோடு பேசினேன். சர்வாதிகாரியின் மகன் அந்தத் தீவு நாட்டில் இப்போது தேர்தலில் நிற்கிறார். அடுத்த வாரமே இருவர் எங்கள் துணிக்கடைக்கு வந்து, "பொண்ணு எந்த பஸ்ல போவுதுன்னு தெரியும், பாய்" என்று என் அத்தாவிடம் (தந்தையிடம்) சொல்லிவிட்டு, ஒரு சட்டைத்துணியும் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து ஞானபாக்கியம் அம்மாவின் வீட்டுக்குப் போய், தாம் சொன்னது பொய் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுத்ததும் காஸ் குழாயை அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காவல் நிலையத்தில் இது வெளிநாட்டு விவகாரம் என்று புகாரை வாங்கவில்லை. ஐயா, குழாய் அறுபட்டது திருவொற்றியூரில்.

பயத்தில் நான் பதிவை அழித்துவிடுவதாகச் சொன்னேன். ஞானபாக்கியம் அம்மா விடவில்லை. "அந்த ஆளு உசுரோட கீறப்போ பயந்துகினு வாய மூடிக்கினேன். செத்தப்புறமும் இன்னாத்துக்கும்மா பயப்படணும்?" என்றார்.

இப்போது அவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். அந்த இருவர் மீது வழக்குப் பதிந்து, எங்களுக்குக் காவல் அளிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணைக்கு வரும் காவலர் கதவைத் தட்டாமல், தம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுமாறு தாங்கள் பணிக்க வேண்டும். தட்டும் சத்தம் கேட்டால் ஞானபாக்கியம் அம்மா கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். நேற்று நானும் கூடவே போய்விட்டேன்.

தங்கள் உதவியை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
அ. ஹஃப்சா

இடம்: பழைய வண்ணாரப்பேட்டை
நாள்: 14.08.2025