பிரச்சினை தீரும் வரை

மேலேரிப்பட்டி,
காரிமங்கலம் வழி.
தை 3

அன்புள்ள சவரி அண்ணனுக்கு, மாதேஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் மாதம்மாளும் நலம். பெங்களூரில் மகன் வீட்டுக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதில் தப்பும் இல்லை. அதனால்தான் கடிதம்.

ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கோடி வழியாக உபரித் தண்ணீர் வழிந்தது. உங்கள் தென்னைகளுக்கு நான்தான் தண்ணீர் பாய்ச்சுகிறேன், கவலைப்பட வேண்டாம்.

கவலை வேறு. மதகுச் சாவி இன்னும் வீரமணியிடம்தான் இருக்கிறது.

போன வருட வறட்சியில் கீழூர்க்காரர்கள் மதகை உடைத்தபோது, இருபது பேரோடு கரையிலேயே கிடந்து காவல் காத்தவன் அவன். அவன் இல்லாவிட்டால் நம் பயிர் தேறியிருக்காது. அதை மறைக்கக் கூடாது. ஏரிச் சங்கத் தலைவராக நீங்கள், கீழூரோடு முறை வைத்துத் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளலாம், நான் போய்ப் பேசுகிறேன் என்றீர்கள். கூட்டத்தில் வீரமணி தலையில் காயக் கட்டோடு கடைசியில் உட்கார்ந்திருந்தான், வாயே திறக்கவில்லை. திறந்தது நான். பொண்ணக் குடுத்த ஊர எதுத்து இவரு எப்படீங்க நிப்பாரு என்று கேட்டேன். முப்பது வருடம் உங்கள் பக்கத்து வயலில் பயிர் செய்தவன் கேட்கும் கேள்வியா அது? நீங்கள் இடுப்பில் செருகியிருந்த மதகுச் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

செயலாளர் என்ற முறையில் தீர்மான நோட்டில் எழுதியதும் நான்தான். ‘பிரச்சினை தீரும் வரை சாவி வீரமணியிடம் இருக்கும்.’ தேதி போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. இப்போது கேட்டால், பிரச்சின தீந்துருச்சுன்னு யாருங்க சொன்னது, அவங்க எப்ப வேணாலும் வருவாங்க என்கிறான். கீழூருக்குத் தண்ணீர் விடும் கீழ் மதகு பூட்டியே கிடக்கிறது. எதிர்த்துப் பேசிய கதிரவன் வயலுக்கு இரண்டு முறை தண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் பேசுவதில்லை.

சென்ற வாரம் உங்கள் மகள் ஜெயராணி கீழூரிலிருந்து வந்தாள். நெல் பால் பிடிக்கும் நேரம், இன்னும் ஒரு தண்ணீர் போதும் என்றாள். சித்தப்பா, நீங்க சொன்னா கேக்க மாட்டாங்களா என்றாள். யார் பேச்சால் அவள் அப்பா ஊரை விட்டுப் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லவில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அண்ணா.

அன்றே வீரமணியிடம் போனேன். சாவியைக் கொடுத்தவர்தான் திரும்ப வாங்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். அவரையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க என்று சிரித்தான். நீங்கள் வர மாட்டீர்கள் என்ற தைரியம்.

வரும் ஞாயிறு மாலை சங்கக் கூட்டம். போன வருடம் உங்களைப் பற்றி நான் பேசியது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். ஜெயராணி காதுக்கும் போகட்டும். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் பேசக்கூட வேண்டாம், வந்து கையை மட்டும் நீட்டுங்கள். அவள் நெல் இன்னும் பத்து நாள் தாங்கும்.

எந்த பஸ் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்தே காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

தம்பி என்று இன்னும் சொல்லிக்கொள்ளலாம் என்றால்,
உங்கள் தம்பி
மாதேஸ்வரன்