மெரின் தூக்கிய பை

அன்புள்ள பெட்ராக்,

நாங்கள் மூவரும் நாயும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் நாள் முழுக்கக் குனிந்தே கிடக்கும் உன் முதுகும் அப்படியே இருக்க வேண்டும். தபாலில் போட்டால் எல்லாம் முடிந்த பிறகுதான் நியூசிலாந்து வந்து சேரும் என்பதால் மெயிலில் அனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், பாதியில் என் குரல் போய்விடும், நீ பயந்துவிடுவாய். அப்பா தூங்கிவிட்டார், காலையில் பால் வண்டி எடுக்க வேண்டும். எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் தங்கை மெரின் இப்போது மேட்டுவெளி ஓரத்தில், முகாமில், கூடாரத்துக்குள் இருக்கிறாள். விடிந்தால், நீ ஒரு காலத்தில் போன அதே இரண்டு நாள் மேட்டுவெளி நடைப் போட்டி தொடங்குகிறது. அவள் போகிறாள், ஆமாம், நான்தான் சம்மதித்தேன். எப்படி என்று சொல்கிறேன், இடையில் திட்டாதே.

ஜனவரியில் அவளுக்கு நிமோனியா வந்தது உனக்குத் தெரியும். மார்ச்சில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நடக்கலாம் என்றார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் பயிற்சிக்குப் போனாள், ஆனால் பழைய வேகம் வரவில்லை. பயிற்சி கொடுக்கும் லஸ்கம் டீச்சர் வழக்கம்போல மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அணியின் மற்ற ஐந்து பேரையும் பின்னால் வரச் சொன்னார். முன்னால் போவது மெரின்தான். பின்னால் வருகிற ரூபன் வாய் சும்மா இருக்குமா? "மெரின், உன்னை ஒரு நத்தை முந்திக்கிட்டுப் போயிடுச்சு பாரு" என்பானாம். அதற்கு இவள், "வழிய விட்டு நில்லு, நீயும் அதுகூடவே போ" என்பாளாம். நீ நடந்த வருடம் உங்கள் அணி ஞாயிறு மதியத்துக்கு முன்பே வந்து சேர்ந்ததை இந்த ஊர் இன்னும் விடவில்லை. ரூபனுக்கு உங்களை முந்த வேண்டும். அது தப்பு என்று சொல்ல மாட்டேன், அந்த வயதில் உனக்கும் அதே வெறிதான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் கடைசிப் பயிற்சி. ஆறு பேரும் பெரியவர்கள் துணையில்லாமல் ஓர் இரவு மேலே தங்கி நடந்து வர வேண்டும். நானும் டீச்சரும் மேட்டுவெளியின் மறுபக்கம் மாட்டுத்தடுப்புக்குப் பக்கத்தில் வண்டியோடு காத்திருந்தோம். இரண்டாம் நாள் காலை மூடுபனி இறங்கிவிட்டது, அங்கே இறங்கினால் எப்படி இறங்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா, என் கையில் இருந்த டீக் குவளையே மங்கலாகத் தெரிந்தது. வர வேண்டிய நேரம் போய்விட்டது. நான் எழுந்து எழுந்து நின்றேன். டீச்சர் ஒரே ஒரு தடவை, "உக்காருங்க, நீங்க நின்னா அவங்க சீக்கிரம் வந்துடுவாங்களா" என்றார். ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆறு பேரும் வந்தார்கள். மெரின் உதடு நீலமாக, ரூபனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

நடந்தது இதுதான். அன்று காலை ஆற்றைத் தாண்டியதும் இவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் ஆளுக்கொன்றாக இவள் சாமானை எடுத்துக்கொண்டார்கள். ஸ்லீப்பிங் பேக் ரூபனிடம், சாப்பாடு ஒருத்தியிடம், கனத்த கம்பளிச் சட்டை இன்னொருவனிடம். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, இவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு பழக்கப்படி இவளையே முன்னால் விட்டார்கள். பை காலி, கால் லேசு. சுமை கூடியதில் அவர்கள் மெதுவாகிவிட்டார்கள், இவள் விறுவிறுவென்று போய்விட்டாள். எல்லோரும் பின்னால் வருகிறார்கள் என்றே நினைத்து நடந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை. உடம்பில் ஒரு மழைக்கோட்டு, தோள்பட்டை வாரில் ஒரு விசில், அவ்வளவுதான். ஆனால் பெட்ராக், அவள் ஓடவில்லை. அந்த இடத்திலேயே ஒரு பாறைக்குக் கீழே உட்கார்ந்து விடாமல் விசில் ஊதியிருக்கிறாள். அவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே, சதுப்பைச் சுற்றி, ஒரு மணி நேரம் தேடி வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதை அவர்களாகச் சொல்லவில்லை. டீச்சர் பைகளை வண்டியில் ஏற்றும்போது மெரின் பையை ஒரு கையால் தூக்கினார், அது அப்படியே மேலே வந்துவிட்டது. "இது என்ன, தலகாணியா?" என்றார். ரூபன்தான் முன்னால் வந்து, "நாங்கதான் மிஸ் எடுத்துக்கிட்டோம், அவ கேக்கல" என்றான். அவர் கத்தவில்லை. "நல்ல மனசுதான்டா. ஆனா அவ படுக்கை உன் முதுகுல இருக்கு, குளிர் மட்டும் அவ மேல இருந்திருக்கு" என்றார். அந்தப் பையன் அழுதுவிட்டான். எனக்கு அவனைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

வண்டியிலேயே சொல்லிவிட்டேன், போதும், நீ போகப் போவதில்லை என்று. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அப்பாவைத் தெரியுமே, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "நீ சொல்றது சரிதான். ஆனா பயம் அவளுக்கா உனக்கா, அதையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று முழுக்க அவர்மேல் எனக்குக் கோபம். உன்னைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு கல்லூரிக் கடைசித் தேர்வு எழுதினபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. பிள்ளை கைக்குள் இருந்தால் ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் அந்த ஐந்து பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவுக்குச் சுட்டு வைத்திருந்த கறி பேஸ்ட்டி அத்தனையும் தீர்ந்தது. மெரின் வராவிட்டால் தாங்களும் போகப் போவதில்லை என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "சும்மா பெருசா பேசாதீங்க. என் சாமான நான்தான் தூக்குவேன். என் நடைக்குத்தான் நீங்க நடக்கணும். முடியாதுன்னா இப்பவே வேற ஆளப் பாருங்க" என்றாள். ரூபன் கையிலிருந்த பேஸ்ட்டியைத் தட்டில் வைத்தான். "அப்ப உங்க அண்ணன ஜெயிக்க முடியாது" என்றான். "அவன் உலகத்து அந்தப் பக்கம் ஆட்டுக்கு மயிர் வெட்டிக்கிட்டு இருக்கான், அவன்கூட உனக்கு என்ன ஓட்டப் பந்தயம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் கடைசியில் சிரித்தான், ஆனால் சிரித்தான். நான் மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப் போனேன், நெஞ்சு சுத்தம் என்றார். அதற்குப் பிறகுதான் சம்மதித்தேன்.

இன்று மாலை முகாமில் கொண்டுபோய் விட்டேன். டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, முழுச் சுமையோடு அவள் நடைக்கு நடந்தால் ஞாயிறு ஐந்து மணிக் கெடுவுக்குள் வருவது இழுபறிதான் என்று ஒளிக்காமல் சொன்னார். தெரிந்தேதான் ஆறு பேரும் போகிறார்கள். கூடாரம் போடும் இடத்துக்கு நடக்க மெரின் புல்லில் உட்கார்ந்து பை வாரை மாட்டினாள், புரண்டு முழங்கால் போட்டு எழப் பார்த்தாள். என் கை தானாகவே பைக்கு அடியில் போய்விட்டது. மறுபக்கம் ரூபன் கையும் வந்தது. இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு பேரும் கைய எடுங்க" என்றாள், சத்தமில்லாமல். அவன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். நானும் என் கோட்டுக்குள் விட்டுக்கொண்டேன். ஒருமுறை தள்ளாடினாள், பிறகு நேராக நின்று, போய் வரிசையின் முன்னால் நின்றாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை மற்ற கத்தரிக்காரர்களோடு சேர்ந்து பீரிலேயே பொழுதைக் கழிக்காதே, இடுப்பில் அந்தக் கம்பளிப் பட்டையைக் கட்டிக்கொள். உன் கையும் கத்தரியும் பத்திரமாக இருக்கட்டும், உனக்கு நல்ல முதலாளியும் நல்ல தூக்கமும் அமையட்டும். ஞாயிறு மாலை அவர்கள் வந்ததும் கூப்பிடுவேன், உனக்குத் திங்கள் விடிந்திருக்காது, போனை அணைத்துவிடாதே. எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று கேட்காதே, ஆறு பேரும் வந்தார்களா என்று கேள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா